கறவை மாட்டுக்குக் கம்ப்யூட்டர் கணக்கு

நெல்லுக்கு நாற்று விட்ட தேதியையும், கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்த தேதியையும் கேட்டவுடன் சொல்லிவிடும் நம் விவசாயிகள், கொட்டிலில் நிற்கும் பசு எந்தத் தேதியில் கன்று ஈன்றது என்று கேட்டால் சற்று யோசிக்கிறார்கள். "பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும்" என்பார் வீட்டுக்காரர். "இல்லை, பெரியவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாளே, அப்போதுதான்" என்பார் வீட்டு அம்மாள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம் வித்தியாசம். கறவை மாடு வளர்ப்பில் வரவேண்டிய லாபம் பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான் கரைந்து போகிறது.

மாட்டுப் பண்ணையில் கம்ப்யூட்டர் என்றதும் வெளிநாட்டுப் பெரும் பண்ணைகள்தான் நினைவுக்கு வரும். இஸ்ரேல் நாட்டில் அஃபிகிம் என்ற கூட்டுப் பண்ணையில், ஒவ்வொரு பசுவும் கறக்கும் பாலைத் தானே அளந்து குறித்துக்கொள்ளும் மின்னணுக் கருவியை 1970-களின் இறுதியிலேயே உருவாக்கினார்கள். பின்னர் பசுவின் காலில் ஒரு சிறு கருவியைக் கட்டி, அது நடக்கும் அடிகளை எண்ணத் தொடங்கினார்கள். பருவத்துக்கு வந்த பசு நிலைகொள்ளாமல் வழக்கத்தைவிட அதிகம் நடக்கும். அடிகளின் எண்ணிக்கை திடீரென்று கூடினால் கம்ப்யூட்டர் அந்தப் பசுவின் எண்ணைக் காட்டிக் கொடுத்துவிடும். ஐந்நூறு மாடு உள்ள பண்ணைக்கு இது தேவை. தறியில் கட்டி வளர்க்கும் நம் மாடு எங்கே நடக்கப்போகிறது? இரண்டு மூன்று கறவை வைத்திருப்பவர் இத்தகைய கருவிகளுக்குப் பணம் செலவிடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆனால் அப்பண்ணைகளில் கம்ப்யூட்டர் செய்யும் வேலையில் பெரும்பகுதி வேறு. தேதிகளை மறக்காமல் வைத்திருப்பது, கூட்டிக் கழித்துப் பார்ப்பது, உரிய நாளில் நினைவூட்டுவது. இந்த வேலைக்கு இன்று சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே போதும். மாட்டுக் கணக்குக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் உள்ளன. எதுவும் வேண்டாமென்றால் கைப்பேசியில் உள்ள நாள்காட்டியிலேயே தேதியைக் குறித்து, மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

தவறிப்போகும் 21 நாள்

பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சில மாடுகளில் இது 18 நாளாகவும், சிலவற்றில் 24 நாளாகவும் இருக்கும். பருவம் நீடிப்பது ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம்தான். அது இரவில் வந்து விடியுமுன் அடங்கிவிட்டால் நாம் கவனித்திருக்க மாட்டோம். கலப்பினப் பசுக்களில் கத்தாமல், துள்ளாமல் வந்து போகும் ஊமைப் பருவமும் உண்டு. எருமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒரு பருவம் தவறினால் 21 நாள் நஷ்டம். இரண்டு தவறினால் 42 நாள். அடுத்த ஈற்று அத்தனை நாள் தள்ளிப்போகிறது. அந்த நாட்களுக்கும் தீவனம் போட்டுத்தான் ஆகவேண்டும். கன்று ஈன்ற 60 நாளுக்குப் பிறகு வரும் பருவத்தில் ஊசி போட்டு, 90 நாளுக்குள் சினை பிடித்துவிட்டால், 12 அல்லது 13 மாதத்துக்கு ஒரு கன்று கிடைக்கும். நம் கொட்டில்களில் 16 மாதம், 18 மாதம் என்று இழுத்துக்கொண்டு போகும் பசுக்கள் பல. மாட்டில் குறை இருப்பதாக எண்ணி விற்றுவிடுகிறவர்களும் உண்டு. விற்குமுன் தேதிகளைப் பார்க்க வேண்டும். பல சமயம் பருவம் வந்திருக்கும், நாம் பார்த்திருக்க மாட்டோம்.

இங்கேதான் கைப்பேசிக் கணக்கு உதவுகிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஜனவரி 5-ஆம் தேதி ஒரு பசு கன்று ஈன்றது. அந்த ஒரு தேதியை மட்டும் செயலியில் பதிந்தால், மார்ச் 6-ஆம் தேதியோடு 60 நாள் முடிகிறது, இனி பருவத்தைக் கவனிக்கவும் என்று அது சொல்லும். மார்ச் 10-ஆம் தேதி பருவத்துக்கு வந்து ஊசி போட்டாயிற்று. அதையும் பதிகிறோம். உடனே அது வரிசையாகத் தேதிகளைக் கொடுக்கும்: மார்ச் 28 முதல் ஏப்ரல் 3 வரை மறுபருவம் வருகிறதா என்று காலையும் மாலையும் பார்க்கவும். மே 9-க்கு மேல் ஜூன் 8-க்குள் மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்ளவும். சினை உறுதியானால் அக்டோபர் 16-ஆம் தேதி பாலை வற்ற விடவும். டிசம்பர் 15-ஆம் தேதியை ஒட்டிக் கன்று ஈனும்.

ஒன்பது மாதம் ஒன்பது நாள் என்று நம் பெரியவர்கள் சொன்ன கணக்கைத்தான் கம்ப்யூட்டர் 280 நாள் என்று போடுகிறது. எருமைக்கு 310 நாள், அதாவது பத்து மாதம் பத்து நாள். ஆகவே செயலியில் மாட்டைப் பதியும்போது பசுவா எருமையா என்பதைச் சரியாகக் குறிக்க வேண்டும். இதில் தவறினால் எல்லாத் தேதியும் ஒரு மாதம் பிசகும்.

மேலே சொன்ன தேதிகளில் மிக முக்கியமானது மறுபருவத் தேதி. ஊசி போட்டாயிற்று, சினை பிடித்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். மூன்று நான்கு மாதம் கழித்து வயிறு தெரியவில்லையே என்று மருத்துவமனைக்கு ஓட்டிப் போனால் மாடு காலி. நான்கு மாதம் போயிற்று. 21-ஆம் நாள் விடியற்காலையில் ஐந்து நிமிடம் மாட்டின் பின்புறம் நின்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுகிறதா, அறை தடித்துச் சிவந்திருக்கிறதா, அடிக்கடி சிறுநீர் விடுகிறதா, பால் திடீரென்று குறைந்ததா, மற்ற மாடு தாவும்போது அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போடுவது வழக்கம். நேரத்தையும் சேர்த்துப் பதிவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. சில சமயம் அறையிலிருந்து சிறிது இரத்தம் கசிந்து வாலில் ஒட்டியிருக்கும். புண்ணோ நோவோ என்று பயப்பட வேண்டாம். இரண்டு நாளுக்கு முன் பருவம் வந்து போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இப்போது ஊசி போட்டுப் பயனில்லை. ஆனால் அந்தத் தேதியைப் பதிந்துகொண்டால், அதிலிருந்து 18, 19 நாளில் அடுத்த பருவத்தை எதிர்பார்க்கலாம். ஊமைப் பருவமுள்ள மாட்டைப் பிடிக்க இது நல்ல வழி.

மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டை நான்காம் முறையும் ஊசிக்கு ஓட்டிச் செல்வதற்கு முன், கால்நடை மருத்துவரிடம் கருப்பையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அப்போது மூன்று ஊசித் தேதிகளையும் காட்டினால், பருவங்கள் 21 நாள் இடைவெளியில் வந்தனவா, தாறுமாறாக வந்தனவா என்று பார்த்து அவர் காரணத்தை ஊகிக்க முடியும். தேதி இல்லாவிட்டால் அவரும் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

செங்காரியும் கருப்பியும்

ஒரு கொட்டிலில் செங்காரி, கருப்பி என்று இரண்டு கலப்பினப் பசுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செங்காரி கன்று ஈன்ற புதிதில் நாளொன்றுக்கு 14 லிட்டர் கறக்கும். கருப்பி 10 லிட்டர்தான். யாரைக் கேட்டாலும் செங்காரிதான் நல்ல மாடு என்பார்கள். தீவனமும் கவனிப்பும் அதற்கே அதிகம்.

கணக்கைப் பார்ப்போம். செங்காரி ஓர் ஈற்றில் மொத்தம் 3,000 லிட்டர் கறக்கிறது. ஆனால் ஓர் ஈற்றுக்கும் மறு ஈற்றுக்கும் 540 நாள். கருப்பி 2,300 லிட்டர்தான் கறக்கிறது. அதன் இடைவெளி 395 நாள். மொத்தப் பாலை மொத்த நாளால் வகுத்தால் செங்காரிக்கு நாளொன்றுக்கு 5.6 லிட்டர் வருகிறது. கருப்பிக்கு 5.8 லிட்டர்! செங்காரி 340 நாள் கறந்தாலும் 200 நாள் வெறுமனே நிற்கிறது. கருப்பி 305 நாள் கறந்து 90 நாள் நிற்கிறது. பால் வற்றிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் செலவு என்று கொண்டால், ஓர் ஈற்றுக்கு ஒன்றில் 20,000 ரூபாயும் மற்றதில் 9,000 ரூபாயும் வரவில்லாச் செலவு. ஆறு வருடத்தில் செங்காரி நான்கு கன்று ஈனும். கருப்பி ஐந்துக்கு மேல் ஈனும்.

இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. அவரவர் கொட்டிலில் எண்கள் மாறும். ஆனால் கறவையின் உச்சத்தை மட்டும் கண்ணால் பார்த்து மாட்டை மதிப்பிடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இது போதும். செங்காரியை விற்றுவிடுங்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதன் பருவத்தைச் சரியாகப் பிடித்து இடைவெளியை 13 மாதத்துக்குக் கொண்டுவந்தால் கருப்பியை அது எளிதில் மிஞ்சிவிடும்.

மாதம் ஒரு நாள் அளந்தால் போதும்

பால் கணக்கா, அதுதான் சங்கத்திலேயே கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறதே என்று கேட்கலாம். குஜராத்தில் கேடா மாவட்டத்துச் சங்கங்களில் 1990-களில் பரவிய முறை இன்று பல மாநிலங்களில் வந்துவிட்டது. பாலை ஊற்றியதும் எடை, கொழுப்புச் சத்து, அதற்குரிய பணம் எல்லாம் துண்டுச் சீட்டில் அச்சாகி வருகின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சங்கத்துக்குப் போவது எல்லா மாட்டுப் பாலும் கலந்த பால். எந்த மாடு எவ்வளவு கறந்தது, எதன் பாலில் கொழுப்புக் குறைவு என்பது அந்தச் சீட்டில் இராது. அதை வீட்டில்தான் எழுத வேண்டும்.

தினமும் அளக்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் மாதத்தில் ஒரு நாள், எடுத்துக்காட்டாக ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, ஒவ்வொரு மாட்டின் காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனித்தனியே அளந்து பதிந்தால் போதும். அந்த நாளின் பாலை 30-ஆல் பெருக்கினால் அந்த மாதத்துப் பால் ஏறத்தாழக் கிடைக்கும். பத்து மாதத்தையும் கூட்டினால் ஓர் ஈற்றின் பால். டென்மார்க் நாட்டில் வேயன் என்ற ஊரில் 1895-இல் விவசாயிகள் ஒன்றுகூடி, மாடுதோறும் பாலைச் சோதித்துக் கணக்கெழுத ஒரு சங்கம் அமைத்தார்கள். உலகில் இவ்வகைச் சங்கத்துக்கு அதுவே முதல். அப்போது கம்ப்யூட்டர் ஏது? பேனாவும் நோட்டும்தான். இன்றைய மென்பொருள்களும் குறித்த இடைவெளியில் அளந்த பாலிலிருந்து 305 நாள் கறவையைக் கணக்கிடும் அதே வழியில்தான் செல்கின்றன.

தினசரி அளப்பவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. தீவனமும் தண்ணீரும் மாறாதிருக்கையில் ஒரு மாட்டின் பால் மட்டும் இரண்டு நாளாகக் குறைந்தால் மடியைப் பார்க்கத் தோன்றும். வீக்கமும் சூடும் வெளியே தெரியாத மடிநோயைத் தொடக்கத்திலேயே சந்தேகிக்க இது உதவும்.

தீவனக் கணக்கு

தீவனத்துக்கும் கம்ப்யூட்டர் உண்டு. ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வளர்ச்சி வாரியம், 2012-இல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தின் கீழ், சரிவிகிதத் தீவனத்துக்கான மென்பொருளைக் கிராமங்களுக்கே கொண்டு சென்றது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கு வந்து மாட்டை அளப்பார், பாலை அளப்பார், என்னென்ன தீவனம் கைவசம் உள்ளது, என்ன விலை என்று கேட்பார். தேவையான சத்தைக் குறைந்த செலவில் தரும் கலவையை மென்பொருள் சொல்லும். நம் வீடுகளில் ஒரு சத்து தேவைக்கு மேலும் மற்றொன்று குறைந்தும் போவது வழக்கம். தாது உப்பைப் பலர் போடுவதே இல்லை.

மென்பொருள் முதலில் கேட்பது மாட்டின் எடை. எடை மேடை வேண்டியதில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 66 அங்குலம், நீளம் 54 அங்குலமுள்ள பசு சுமார் 356 கிலோ இருக்கும்.

350 கிலோ எடையுள்ள பசுவுக்கு உலர் பொருளாக நாளொன்றுக்குப் பத்தரைக் கிலோ வரை தேவை. 25 கிலோ கம்பு நேப்பியர் புல்லில் தண்ணீர் போக உலர் பொருள் 5 கிலோதான். இதனுடன் 2 கிலோ வைக்கோலும், 10 லிட்டர் பாலுக்கு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் 4 கிலோ அடர்தீவனமும் சேர்த்தால் கணக்குச் சரியாக வரும். தாது உப்புக் கலவை 30 முதல் 50 கிராம் வரை தனி. கம்ப்யூட்டர் புதிய கலவையைச் சொல்லிவிட்டதென்று மறுநாளே முழுவதும் மாற்றிவிடக் கூடாது. பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வயிறு கெடும்.

காதுவில்லை

மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுடன் மாட்டியிருக்கும் மஞ்சள் வில்லை வெறும் அடையாளம் அன்று. அந்த எண்ணின் கீழ் மாட்டின் ஊசி, சினை, தடுப்பூசி, சிகிச்சை விவரங்களைப் பதிவதற்காகப் பால்வள வாரியம் முதலில் இனாஃப் என்ற மென்பொருளை அமைத்தது. அதன் வழியில் 2023-இல் பாரத் பசுதன் என்ற தேசியப் பதிவேடு வந்தது. விவசாயிகளுக்காக இ-கோபாலா என்ற செயலி 2020 செப்டம்பரில் வெளியிடப்பட்டது.

இதில் நமக்கும் பொறுப்பு உண்டு. பதிபவர் வேறொருவர், மாடு நம்முடையது. அவசரத்தில் ஓர் இலக்கம் மாறினால் நம் மாட்டின் ஊசி வேறொரு மாட்டின் கணக்கில் ஏறும். காப்பீடு செய்த மாடு இறந்துவிட்டால் இழப்பீட்டுக்கு முதலில் கேட்பது காதுவில்லையைத்தான். பாலிசியில் உள்ள எண்ணும் வில்லையின் எண்ணும் ஒத்திராவிட்டால் அலைச்சல்தான் மிச்சம். எனவே ஒவ்வொரு மாட்டின் வில்லையையும் எண் தெளிவாகத் தெரியும்படி கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்டவுடன், எந்த எண்ணில், எந்தத் தேதியில் பதிந்தீர்கள் என்று கேட்டுப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. வில்லை அறுந்து விழுந்தால் புதிய வில்லை போடும்போது பழைய எண்ணைச் சொல்லி, முந்தைய விவரங்களோடு இணைக்கச் சொல்ல வேண்டும். காப்பீட்டு அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

சந்தையில் மாடு வாங்குவோருக்கும் இது பயன்படும். ஆறு மாதச் சினை என்று தரகர் சொல்வார். வில்லை எண்ணைக் கொண்டு மருத்துவமனையில் பார்த்தால் ஊசி போட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். பதிவு இருந்தாலும், மருத்துவர் கைவிட்டுச் சோதித்துச் சொல்லாமல் சினை மாட்டு விலை கொடுக்க வேண்டாம்.

கன்றுகளையும் பிறந்த தேதியோடு பதிய வேண்டும். குடற்புழு நீக்க மருந்தை முதல் முறை 10 முதல் 14 நாளுக்குள்ளும், பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும் கொடுக்க வேண்டும். கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே ஒரு முறை போடுவது. அந்த வயது தாண்டினால் போடமாட்டார்கள். பிறந்த தேதி தெரியாமல் தவறவிடுவதே இதில் அதிகம். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 2019 முதல் இவ்விரண்டும் தேசிய நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகவே போடப்படுகின்றன.

யார் எழுதுவது?

பல வீடுகளில் கைப்பேசி ஆணின் கையில் இருக்கிறது. மாட்டைக் கறப்பதும், தண்ணீர் காட்டுவதும், பருவத்தை முதலில் பார்ப்பதும் பெண்கள். பார்ப்பவர் ஒருவர், பதிபவர் ஒருவர் என்றானால் கணக்கு ஒரு வாரத்தில் நின்றுவிடும். கறப்பவர் கையில்தான் இந்தக் கணக்கு இருக்க வேண்டும். எழுதப் பழக்கமில்லாதவர் கொட்டில் சுவரில் நாள்காட்டி ஒன்றை மாட்டி, பருவம் கண்ட நாளில் ஒரு சுழி, ஊசி போட்ட நாளில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தால் போதும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் செயலியில் ஏற்றிவிடுவார்கள். கைப்பேசி தொலைந்தாலும் நாள்காட்டி இருக்கும். கறவை எட்டு, பத்து என்று பெருகிய பிறகு, கம்ப்யூட்டரில் எக்ஸெல் பட்டியலோ தனி மென்பொருளோ வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு விவரம். உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஊசி போட்டபின் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி அந்த எண்ணையும் பதிந்துகொள்ளுங்கள். அந்த ஊசியில் பிறக்கும் கிடேரி இரண்டு இரண்டரை வருடத்தில் தானே பருவத்துக்கு வந்து நிற்கும். அப்போது தகப்பன் காளையின் விந்தையே மகளுக்கும் போட்டுவிடாமல், இந்த எண்ணைக் காட்டி வேறு காளையின் குச்சியைக் கேட்க வேண்டும்.